48 வோல்ட் தொலைத்தொடர்பு ரெக்டிஃபயர்: சாஃப்ட் சுவிட்ச்சிங் முறையில் வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசிக் கோபுரத்தின் அடியில் நிற்கும் இரும்பு அலமாரியைத் திறந்தால், மேல்தட்டில் புத்தகங்களை அடுக்கியதுபோல் செருகப்பட்ட ரெக்டிஃபயர் பெட்டிகளும், கீழ்த்தட்டில் அவற்றோடு இணைக்கப்பட்ட மின்கலத் தொகுப்பும் இருக்கும். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 48 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவதே அந்தப் பெட்டிகளின் வேலை. பெயரில் 48 இருந்தாலும் அவை 48 வோல்ட் தருவது மிக அரிது. ஈய அமில மின்கலங்கள் 24 தொடராக இருக்கும். ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 2.25 வோல்ட்டில் மிதவை நிலையில் (முழுதாக ஏறியபின் அப்படியே காக்கும் நிலையில்) வைத்திருக்க வேண்டியிருப்பதால், வெளியீடு ஆண்டு முழுவதும் 53.5 முதல் 54 வோல்ட் வரை இருக்கும். மின்தடைக்குப் பின் கலங்கள் வடிந்த நிலையில் அது 43 வோல்ட்டிலிருந்து தொடங்கவும், விரைவு மின்னேற்றத்தின்போது 57 வோல்ட் வரை ஏறவும் வேண்டும். நேர்முனையைத் தரையோடு இணைத்து எதிர்முனையை மின்கடத்தும் முனையாக வைக்கும் வழக்கமும் இந்தத் துறைக்கே உரியது. ஈரமண்ணில் கிடக்கும் கம்பிகள் மின்னாற்பகுப்பால் அரிக்கப்படுவதைக் குறைக்கவே தந்தி, தொலைபேசிக் காலத்தில் இது ஏற்பட்டது.

இந்த வழிகாட்டியில் 1 கிலோவாட் திறனுள்ள அத்தகைய ஒரு பெட்டியை எண்களோடு வடிவமைப்போம். 92 சதவீதப் பயனுறுதிறன் உள்ள பெட்டி முழுச்சுமையில் 87 வாட் வெப்பத்தை வெளியிடும். 96 சதவீதம் என்றால் 42 வாட் மட்டுமே. வெயிலில் நிற்கும் மூடிய அலமாரிக்குள் இந்த வேறுபாடு மின்கட்டணத்தோடு நிற்பதில்லை. மின்விசிறியின் அளவும் மின்கலங்களின் ஆயுளும் அதனோடு சேர்ந்தே மாறும்.

இழப்பு எங்கே பிறக்கிறது

400 வோல்ட் நேர்மின் பாதையின் குறுக்கே இரண்டு மாஸ்ஃபெட்களை (சுவிட்சாகச் செயல்படும் டிரான்சிஸ்டர்களை) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அரைப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 600 வோல்ட் தாங்கும், சூப்பர்ஜங்ஷன் வகையைச் சேர்ந்த ஒரு மாஸ்ஃபெட்டின் வெளியீட்டு மின்தேக்குத்திறன், மின்னூட்டக் கணக்கில் ஏறத்தாழ 500 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 400 வோல்ட்டில் அதில் 0.2 மைக்ரோகூலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். எதையும் தயார் செய்யாமல் சுவிட்சைத் திடீரென இயக்கினால், ஒவ்வொரு முறையும் 0.2 மைக்ரோகூலும் பெருக்கல் 400 வோல்ட், அதாவது 80 மைக்ரோஜூல், வெப்பமாக வீணாகும். ஒரு சுழற்சியில் இருமுறை, 100 கிலோஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டால் 16 வாட். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வரும் இழப்பு இதில் இன்னும் சேரவில்லை. எதிர்ச் சுவிட்சின் உள்ளார்ந்த டயோடு கடத்திக்கொண்டிருக்கும்போது இந்தச் சுவிட்சை இயக்கினால், டயோடில் தேங்கிய சில மைக்ரோகூலும் மின்னூட்டமும் வெளியேறியாக வேண்டும். அந்த நிலையில் பயனுறுதிறனைப் பற்றிப் பேச மாஸ்ஃபெட் மிஞ்சியிருக்காது.

சாஃப்ட் சுவிட்ச்சிங் என்பதன் பொருள், சுவிட்சை இயக்குவதற்கு முன்பே அதன் குறுக்கேயுள்ள மின்னழுத்தத்தைச் சுழியாக்கிவிடுவது அல்லது அதை நிறுத்துவதற்கு முன்பே அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தைச் சுழியாக்கிவிடுவது. மின்தேக்குத்திறனில் தங்கிய ஆற்றலை ஒரு தூண்டல் சுருளின் மின்னோட்டம் உறிஞ்சி, வீணாக்காமல் மூலத்திற்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்தச் சுருளின் மின்னோட்டமும் இலவசமாக வருவதில்லை. அது சுமைக்குப் போகாமல் சுற்றிலேயே வலம்வந்து, கம்பியையும் மாஸ்ஃபெட்டையும் சூடாக்கும். எனவே சுவிட்ச்சிங் இழப்பை ஒழிக்க எவ்வளவு சுழல் மின்னோட்டத்தை விலையாகக் கொடுக்கலாம் என்ற பேரமே இந்த வடிவமைப்பு முழுவதும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தப் பேரத்தின் வெவ்வேறு சுற்றுகள்தாம்.

படி 1: உள்ளீட்டுப் பகுதியும் 400 வோல்ட் பாதையும்

ஒரு கட்டத்திற்கு 16 ஆம்பியர் வரை எடுக்கும் கருவிகளுக்கான சீரிசை மின்னோட்ட (மின்வழங்கல் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் மின்னோட்ட) வரம்புகளை ஐ.இ.சி. 61000-3-2 விதிக்கிறது. ஆகையால் உள்ளீட்டு மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் வடிவத்துக்கு இணங்க வைத்துத் திறன் காரணியைத் திருத்தும், மின்னழுத்தத்தையும் உயர்த்தும் பூஸ்ட் சுற்று ஒன்று முன்னால் இருந்தே தீர வேண்டும். 1 கிலோவாட் அளவில், 2 கிளைகளை ஒன்றுவிட்டு ஒன்று இயக்கும் எல்லைநிலைக் கடத்தல் முறை எனக்கு உகந்ததாகப் படுகிறது. இம்முறையில் சுருளின் மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் டயோடு மீட்சி இழப்பு (டயோடில் தேங்கிய மின்னூட்டம் வெளியேறுவதால் வரும் இழப்பு) இல்லை. உள்ளீட்டின் கணநேர மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழ் இருக்கும்வரை, அதாவது வெளியீட்டின் பாதிக்குக் கீழ் இருக்கும்வரை, சுவிட்சின் மின்னழுத்தம் தானாகவே சுழிக்கு வந்துவிடும். அதற்கு மேல் சென்றால், சுவிட்சின் மின்னழுத்தம் இறங்கும் பள்ளத்தில் எஞ்சும் மின்னழுத்தம் உள்ளீட்டின் இருமடங்கில் 400ஐக் கழித்த அளவு. 325 வோல்ட் உச்சியில் அது 250 வோல்ட். டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட்டை வைத்து, மின்னோட்டம் சிறிது எதிர்த்திசையில் போகும்வரை அதைத் தாமதித்து நிறுத்தினால் இந்த மிச்சத்தையும் துடைத்துவிடலாம். காலியம் நைட்ரைடு சுவிட்சுகளோடு, டயோடு பாலமில்லாத டோட்டம்போல் அமைப்பைக் கையாள்பவர்கள் செய்வது இதைத்தான்.

முன்னால் சாதாரண டயோடு பாலம் இருந்தால், ஒரே நேரத்தில் கடத்தும் 2 டயோடுகள், தலா 0.9 வோல்ட், சராசரி 4.1 ஆம்பியர் என 7 வாட்டுக்கு மேல் போய்விடும். 97 சதவீதத்தைக் குறிவைப்பவர் இந்தப் பாலத்தை அகற்றியே ஆக வேண்டும். 96 போதும் என்பவர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

பாதையிலுள்ள பெரிய மின்தேக்கிக்கு 470 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் போதும். முழுச்சுமையில் 100 ஹெர்ட்ஸ் அலைவு உச்சிக்கு உச்சி சுமார் 18 வோல்ட் இருக்கும். மின்வெட்டின்போது பாதை 350 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 7 மில்லிநொடி ஆகும். கணினி மின்வழங்கியில் இது போதாது. இங்கு மின்கலம் சுமையைத் தாங்கிக்கொள்வதால், பெரிய மின்தேக்கிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

படி 2: ஒத்ததிர்வுப் புள்ளியை எங்கே வைப்பது

அடுத்த பகுதி எல்.எல்.சி. மாற்றி: அரைப்பாலம், தொடரில் ஒரு தூண்டல் சுருளும் ஒரு மின்தேக்கியும், மின்மாற்றியின் காந்தமாக்கும் தூண்டல். ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் இயங்கும்போது தொடர்ச் சுருளும் மின்தேக்கியும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மின்மாற்றிக்குப் பாதையின் பாதி மின்னழுத்தமான 200 வோல்ட் அப்படியே கிடைக்கும். சுழல் மின்னோட்டமும் இழப்பும் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான்.

ஆகவே அந்தப் புள்ளியை இயந்திரம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வெளியீட்டு வரம்பின் நடுப்புள்ளியான 50 வோல்ட்டைத் தேர்ந்தெடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. இந்தப் பெட்டி 50 வோல்ட்டில் இருக்கப்போவது மின்கலம் ஏறிக்கொண்டிருக்கும் சில மணிநேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் 53.5. எனவே 200ஐ 53.5ஆல் வகுத்தால் 3.74, முதன்மையில் 15 சுற்று, துணையில் 4 சுற்று என்றால் விகிதம் 3.75. முழு எண்களில் இவ்வளவு நெருக்கமாக அமைவது நல்வாய்ப்பு.

ஒத்ததிர்வு அதிர்வெண்ணை 100 கிலோஹெர்ட்ஸாகக் கொள்வோம். கம்பிவழி மின்காந்த இடையூற்றுச் சோதனை 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குவதால், இயல்பு நிலையில் அடிப்படை அதிர்வெண் சோதனை எல்லைக்கு வெளியே இருக்கும், வடிகட்டியும் சிறிதாகும். அதிர்வெண்ணை உயர்த்தினால் மின்மாற்றி சுருங்கும் என்பது உண்மை. ஆனால் இந்த அலமாரியில் இடநெருக்கடி இல்லை.

படி 3: தேவையான மின்னழுத்தப் பெருக்கம்

ஒத்ததிர்வில் பெருக்கம் 1 என்று வைத்து, எல்லைகளைக் கணக்கிடலாம். 57 வோல்ட் வெளியீட்டுக்கு 57 பெருக்கல் 3.75 வகுத்தல் 200, அதாவது 1.07. பாதை 350 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் 53.5 வோல்ட்டைக் காக்க 1.15. மின்கலம் 43 வோல்ட்டில் இருக்கும்போது 0.81. மேல்புறத்தில் உறுப்புகளின் வேறுபாட்டுக்காக இடம்விட்டு, 1.25 வரை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முழுச்சுமை மின்னோட்டம் 18.7 ஆம்பியர், சுமைத்தடை 2.86 ஓம். முதல் சீரிசைத் தோராய முறைப்படி இதை முதன்மைப் பக்கத்திற்கு மாற்ற, 8 வகுத்தல் பையின் இருமடி, பெருக்கல் சுற்று விகிதத்தின் இருமடி, பெருக்கல் சுமைத்தடை: 32.6 ஓம். சதுர அலையின் அடிப்படைச் சைன் கூறை மட்டும் எடுத்துக்கொள்ளும் தோராயம் இது. ஒத்ததிர்வுக்கு அருகில் நன்கு பொருந்தும். கீழே போகப் போக உண்மையைவிடக் குறைவான பெருக்கத்தைக் காட்டும். பிழை பாதுகாப்பான பக்கம் சாய்வதால், தொடக்கக் கணக்குக்கு இதை நம்பலாம்.

படி 4: தூண்டல் விகிதமும் தரக்காரணியும்

வி என்பது காந்தமாக்கும் தூண்டலுக்கும் தொடர்த் தூண்டலுக்கும் உள்ள விகிதம், அ என்பது இயக்க அதிர்வெண்ணை ஒத்ததிர்வு அதிர்வெண்ணால் வகுத்த எண், த என்பது தரக்காரணி, அதாவது ஒத்ததிர்வு மின்மறுப்பை மேலே கண்ட 32.6 ஓமால் வகுத்த எண், என்று கொண்டால்:

பெருக்கம் = வி × அ² ÷ √( [(வி + 1) × அ² − 1]² + [(அ² − 1) × அ × த × வி]² )

இதை ஒரு விரிதாளில் இட்டு, வி, த இரண்டையும் மாற்றி மாற்றி வரைந்து பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. வி சிறிதாக இருந்தால் பெருக்கம் எளிதில் ஏறும், அதிர்வெண் வீச்சு குறுகும், ஆனால் காந்தமாக்கும் மின்னோட்டம் பெரிதாகும். வி பெரிதாக இருந்தால் சுழல் மின்னோட்டம் குறையும், பெருக்கமோ மந்தமாகும்.

வி = 5, த = 0.37 என்று எடுத்தால், 86 கிலோஹெர்ட்ஸில் 1.07, 75 கிலோஹெர்ட்ஸில் 1.15, 65 கிலோஹெர்ட்ஸில் 1.25 கிடைக்கிறது, வளைகோட்டின் உச்சி 48 கிலோஹெர்ட்ஸ் அருகில் 1.47. அதாவது நம் தேவைக்கும் உச்சிக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கிறது. அதே தரக்காரணியில் வி = 8 என்று மாற்றினால் உச்சி 1.2ஐத் தொட்டதோடு நின்றுவிடுகிறது, 1.15ஐ எட்டவே 60 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அந்த விகிதத்தில் முதன்மைப் பக்கக் கடத்தல் இழப்பு 14 சதவீதம் குறையும் என்பது ஆசைகாட்டும் எண்தான். ஆனால் வளைகோட்டின் உச்சியை ஒட்டி நடப்பது கிணற்றுச் சுவரில் நடப்பதற்கு ஒப்பாகும். உச்சிக்கு இடப்புறம் விழுந்தால் சுற்று மின்தேக்கித் தன்மைக்கு மாறும், மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்தும், சுழி மின்னழுத்த மாற்றம் இல்லாமல் போகும், முன்பு சொன்ன டயோடு மீட்சி ஒரே சுழற்சியில் இரண்டு மாஸ்ஃபெட்களையும் எரித்துவிடும்.

கீழ் எல்லையிலும் ஒரு பொறி உண்டு. சுமையே இல்லாதபோது அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் பெருக்கம் வி வகுத்தல் (வி + 1), அதாவது 0.83க்குக் கீழ் இறங்காது. வெளியீட்டில் அது 44.4 வோல்ட். நமக்கோ 43 வேண்டும். நல்லவேளையாக, மின்கலம் 43 வோல்ட்டில் இருக்கும்போது அது முழு மின்னோட்டத்தையும் விழுங்கும், 18.7 ஆம்பியர் சுமையில் ஏறத்தாழ 170 கிலோஹெர்ட்ஸில் 0.81 கிடைத்துவிடுகிறது. மின்கலம் இல்லாமல் சோதனை மேசையில் 43 வோல்ட்டுக்கு அமைத்துப் பார்ப்பவருக்காக, துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பும் பர்ஸ்ட் முறையைக் கட்டுப்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 5: உறுப்புகளின் மதிப்புகள்

தரக்காரணி பெருக்கல் 32.6 ஓம் என்பதிலிருந்து ஒத்ததிர்வு மின்மறுப்பு சுமார் 12 ஓம். அதற்கேற்ற மின்தேக்கி 132 நானோஃபாரட்: சந்தையில் கிடைக்கும் 33 நானோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகள் 4. இவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு சோடியைப் பாதையின் மேல்முனைக்கும் மறு சோடியைக் கீழ்முனைக்கும் இணைப்பது நல்லது. பாதையிலிருந்து இழுக்கும் அலைவு மின்னோட்டம் பாதியாகிறது. தொடக்கத்திலேயே நடுப்புள்ளி 200 வோல்ட்டில் நிற்பதால் முதல் சில சுழற்சிகள் அமைதியாகக் கழிகின்றன. தொடர்ச் சுருள் 19.2 மைக்ரோஹென்றி, காந்தமாக்கும் தூண்டல் 96 மைக்ரோஹென்றி.

மின்தேக்கியை வாங்கும்போது 630 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த எண் நேர்மின்சாரத்துக்கு உரியது; 100 கிலோஹெர்ட்ஸில் அனுமதிக்கப்படும் மாறுதிசை மின்னழுத்தம் தரவுத்தாளின் வளைகோட்டில் வெகுவாகக் கீழே இருக்கும். நம் சுற்றில் மொத்த ஆர்.எம்.எஸ். (வெப்ப விளைவுக்கு ஈடான) மின்னோட்டம் 6.3 ஆம்பியர் (கணக்கு படி 6இல் வரும்), மாறுதிசை மின்னழுத்தம் 76 வோல்ட். நான்காகப் பகிர்ந்தால் பாலிப்ரொப்பிலீன் தாங்கும், பாலியெஸ்டர் உருகும்.

படி 6: காந்தமாக்கும் மின்னோட்டமும் டெட் டைமும்

ஒரு சுவிட்சை நிறுத்தி மற்றதை இயக்குவதற்கு இடையில் இரண்டுமே ஓய்ந்திருக்கும் சிறு நேரத்தை டெட் டைம் என்கிறோம். அந்த நேரத்துக்குள் காந்தமாக்கும் மின்னோட்டம் ஒரு மாஸ்ஃபெட்டை நிரப்பி மற்றதைக் காலிசெய்ய வேண்டும். தேவைப்படும் மின்னூட்டம் 0.4 மைக்ரோகூலும்.

ஒத்ததிர்வில் காந்தமாக்கும் மின்னோட்டத்தின் உச்சம்: 3.75 பெருக்கல் 53.5ஐ, 4 பெருக்கல் 96 மைக்ரோஹென்றி பெருக்கல் 100 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் 5.2 ஆம்பியர். 0.4 மைக்ரோகூலுமை நகர்த்த 77 நானோநொடி போதும். 43 வோல்ட், 170 கிலோஹெர்ட்ஸ் என்ற மறு எல்லையில் உச்சம் 2.5 ஆம்பியராகச் சுருங்குகிறது. தேவைப்படும் நேரம் 160 நானோநொடியைத் தொடுகிறது. துணைப் பக்க மாஸ்ஃபெட்களின் மின்தேக்குத்திறனும் மின்மாற்றிச் சுருள்களுக்கு இடையிலான மின்தேக்குத்திறனும் இதே மின்னோட்டத்தில்தான் பங்கு கேட்கும் என்பதால், டெட் டைமை 200 முதல் 250 நானோநொடியாக வைக்கலாம்.

இங்கே நூல்களில் அடிக்கடி காணப்படும் ஒரு கணக்கைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தூண்டலில் உள்ள ஆற்றல் மின்தேக்குத்திறனில் உள்ள ஆற்றலைவிட அதிகம், ஆகவே சுழி மின்னழுத்தம் கிடைத்துவிடும் என்று எழுதியிருப்பார்கள். சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்டின் மின்தேக்குத்திறன் சில பத்து வோல்ட்டுக்குக் கீழே நூறு மடங்குவரை பெருகுவது. அதன் மின்னூட்டத்தின் பெரும்பகுதி அந்தக் கீழ்ப்பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. அலைகாட்டியில் மின்னழுத்தம் 400லிருந்து விரைந்து வீழ்ந்து, கடைசிக் கட்டத்தில் ஆமைபோல் ஊர்வது இதனால்தான். ஆற்றலைக் கணக்கிட்டால் இது தெரியாது; மின்னூட்டத்தைக் கணக்கிட்டால் தெரியும். தரவுத்தாளில் மின்தேக்குத்திறனுக்கு ஆற்றலைச் சார்ந்தது, நேரத்தைச் சார்ந்தது என இரண்டு வகை ஈடான மதிப்புகள் தரப்பட்டிருக்கும். நேரத்தைச் சார்ந்த மதிப்பையே எடுக்க வேண்டும்.

நாம் கொடுக்கும் விலையையும் பார்த்துவிடலாம். சுமை சார்ந்த முதன்மை மின்னோட்டம் 5.5 ஆம்பியர், காந்தமாக்கும் பங்கு 3.0 ஆம்பியர், இரண்டையும் செங்குத்தாகக் கூட்டினால் 6.3. கடத்தல் இழப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. சூடான நிலையில் 0.12 ஓம் உள்ள மாஸ்ஃபெட்களில் மொத்தம் 4.8 வாட்; அதில் 1 வாட்டுக்குச் சற்று அதிகமான பகுதியே சாஃப்ட் சுவிட்ச்சிங்குக்காகக் கட்டிய வரி, அதைக் கொடுத்து 16 வாட்டைத் தவிர்த்திருக்கிறோம். பத்தில் ஒரு பங்குச் சுமையிலும் இந்த வரி குறையாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

படி 7: காந்த உறுப்புகள்

பி.க்யூ. 40/40 ஃபெரைட் உள்ளகத்தின் குறுக்குப்பரப்பு 201 சதுர மி.மீ. துணையில் 4 சுற்று, 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் காந்தப்பாய அடர்த்தி கூட்டியும் குறைத்தும் 0.17 டெஸ்லா; 75 கிலோஹெர்ட்ஸில் 0.22. என்97 போன்ற ஃபெரைட் 100 கிலோஹெர்ட்ஸ், 0.2 டெஸ்லா, 100 பாகை செல்சியஸில் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.3 வாட் இழப்பதால், இயல்பு நிலையில் உள்ளக இழப்பு 4 வாட் அளவில் அமையும். செம்பு இழப்பும் அதே அளவுக்கு வந்தால் மின்மாற்றி சமநிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

96 மைக்ரோஹென்றிக்கு வேண்டிய காற்றிடைவெளி கணக்கில் 0.59 மி.மீ.; விளிம்புப் பாயத்தால் உண்மையில் சற்றுக் கூடுதலாகத் தேய்க்க வேண்டிவரும். அந்த விளிம்புப் பாயம் அருகிலுள்ள சுற்றுகளைத் துளைத்துச் சூடாக்கும். ஆகையால் இடைவெளியின் மூன்று மடங்கு தொலைவுவரை கம்பியை அண்டவிடக் கூடாது. 100 கிலோஹெர்ட்ஸில் செம்பின் தோல் ஆழம் (மின்னோட்டம் மேற்பரப்பிலிருந்து ஊடுருவும் ஆழம்) 0.21 மி.மீ. என்பதால், முதன்மைக்கு 0.1 மி.மீ. காப்பிட்ட இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி பொருத்தம். துணைக்கும் அதையே பரிந்துரைப்பேன். பலர் அகலமான செம்புத் தகட்டை விரும்புகிறார்கள். அது சுற்றுவதற்கு எளிது, ஆனால் இடைவெளிக்கு நேரே வந்தால் அடுப்பாகிவிடும்.

மின்மாற்றியின் கசிவுத் தூண்டலையே தொடர்ச் சுருளாகப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம். தொலைக்காட்சி மின்வழங்கிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நடுமுனை கொண்ட துணைச் சுருளின் இரு பாதிகளுக்கும் கசிவு சமமாக அமையாவிட்டால், ஒரு பாதிச் சுழற்சி ஒரு ஒத்ததிர்விலும் மறுபாதி வேறொன்றிலும் ஓடும், மின்னோட்டம் நொண்டியடிக்கும். 1 கிலோவாட்டில் தனிச் சுருளே என் தேர்வு: 120 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள உள்ளகத்தில் 13 சுற்று. குறுக்குச்சுற்றின்போது 20 ஆம்பியர் வந்தாலும் பாய அடர்த்தி 0.25 டெஸ்லாவில் நிற்கும். அதற்கு வேண்டிய 1.3 மி.மீ. இடைவெளியை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

படி 8: ஒத்தியங்கு திருத்தி

வெளியீட்டில் 150 வோல்ட் ஷாட்கி டயோடு வைத்தால், ஏறத்தாழ 0.8 வோல்ட் வீழ்ச்சியில் 15 வாட் போய்விடும். அதன் இடத்தில் 2 மாஸ்ஃபெட்களை வைத்து, டயோடு கடத்த வேண்டிய நேரத்தில் அவற்றை இயக்குவதே ஒத்தியங்கு திருத்தம். ஒவ்வொன்றின் ஆர்.எம்.எஸ். மின்னோட்டம் 14.7 ஆம்பியர், சூடான நிலையில் 9 மில்லிஓம் என்றால் இரண்டும் சேர்ந்து 4 வாட்டுக்குள் அடங்கும். ஒத்ததிர்விலும் அதற்குக் கீழும் மின்னோட்டம் தானாகவே சுழிக்கு வந்து நிற்பதால் இங்குச் சுழி மின்னோட்ட மாற்றமும் கிடைக்கிறது.

நடைமுறையில் பலர் சறுக்குவது இந்தப் படியில்தான். கட்டுப்பாட்டுச் சில்லு மாஸ்ஃபெட்டின் குறுக்கேயுள்ள சில பத்து மில்லிவோல்ட்டை அளந்து, அது சுழியை நெருங்கும்போது மாஸ்ஃபெட்டை நிறுத்துகிறது. ஆனால் அந்த அளவீட்டில் உறையின் கால்களிலுள்ள தூண்டலும் சேர்ந்துகொள்கிறது. கால்கள் நீண்ட டி.ஓ. 220 உறையில் 5 நானோஹென்றி, 5 மில்லிஓம் என்று கொண்டால், அளக்கப்படும் மின்னழுத்தம் உண்மையான மின்னோட்டத்தைவிட ஏறத்தாழ 0.9 மைக்ரோநொடி முந்தியே சுழியைக் கடந்துவிடும். அரைச் சுழற்சியே 5 மைக்ரோநொடிதான். எஞ்சிய நேரமெல்லாம் உள்ளார்ந்த டயோடு கடத்தும். நான் முதலில் செய்த பலகையில் இன்னும் குறைந்த மின்தடையுள்ள மாஸ்ஃபெட்டை வாங்கிப் பொருத்தியபோது வெப்பம் குறையாமல் கூடியது. மின்தடை குறையக் குறைய இந்த முந்தல் நீளும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. தூண்டல் 1 நானோஹென்றிக்குக் கீழுள்ள தட்டையான பரப்பொட்டு உறைக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது.

வெளியீட்டு மின்தேக்கிகளின் மீது 9 ஆம்பியர் ஆர்.எம்.எஸ். அலைவு மின்னோட்டம் விழும். எல்.எல்.சி. அமைப்பில் வெளியீட்டுச் சுருள் இல்லாததன் விலை இது. ஒற்றை மின்னாற்பகுப்பு மின்தேக்கியால் இதைத் தாங்க முடியாது, இணையாகப் பலவற்றையும் அருகில் பீங்கான் மின்தேக்கிகளையும் வைக்க வேண்டும்.

படி 9: கட்டுப்பாடும் காப்பும்

பாதையிலுள்ள 18 வோல்ட் அலைவு கட்டுப்பாடு இல்லாவிட்டால் வெளியீட்டில் 2.4 வோல்ட்டாகத் தெரியும். பின்னூட்டச் சுற்றின் குறுக்கு அதிர்வெண் (அதன் பெருக்கம் 1 ஆகக் குறையும் அதிர்வெண்) 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தால், 100 ஹெர்ட்ஸில் 30 மடங்கு அடக்கம் கிடைத்து அது 80 மில்லிவோல்ட் அளவுக்குச் சுருங்கும்.

தொடக்கத்தில் 250 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறங்க வேண்டும். அதிர்வெண்ணின் கீழ் எல்லையை 65 கிலோஹெர்ட்ஸில் மென்பொருளால் மட்டுமன்றி வன்பொருளாலும் பூட்டி வைக்க வேண்டும். குறுக்குச்சுற்றின்போது தரக்காரணி பன்மடங்காகி வளைகோட்டின் உச்சியே 100 கிலோஹெர்ட்ஸை நோக்கி நகர்ந்துவிடுவதால், அந்தப் பூட்டு மட்டும் போதாது. ஒத்ததிர்வு மின்னோட்டத்தை நேரடியாக அளந்து, அதன் திசை தவறிய கணமே அதிர்வெண்ணை உயர்த்தும் விரைவுக் காப்பு தேவை.

படி 10: முதல் இயக்கமும் அளவீடும்

பாதை மின்தேக்கியில் 400 வோல்ட்டில் 38 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அணைத்த பிறகும் அது கொல்லக் காத்திருக்கும். வடிகால் தடையை முதலில் பொருத்திவிட்டு, மின்னழுத்தமானியால் சரிபார்த்த பிறகே கைவைக்க வேண்டும். முதல் இயக்கத்துக்கு உள்ளீட்டுப் பகுதியை விலக்கிவிட்டு, மின்னோட்ட வரம்பு அமைத்த நேர்மின் வழங்கியால் எல்.எல்.சி. பகுதிக்கு மட்டும் 50 வோல்ட்டிலிருந்து படிப்படியாக ஏற்றவும். கீழ் மாஸ்ஃபெட்டின் வாயில் மின்னழுத்தத்தையும் குறுக்கு மின்னழுத்தத்தையும் ஒருசேர அலைகாட்டியில் பார்க்கவும். குறுக்கு மின்னழுத்தம் முழுவதும் விழுந்த பிறகு வாயில் ஏறத் தொடங்கி, நடுவில் மில்லர் மேடு (வாயில் மின்னழுத்தம் ஏறாமல் சற்று நிற்கும் தட்டைப் பகுதி) இல்லாமல் வழுவழுப்பாக ஏறினால், சுழி மின்னழுத்த மாற்றம் நடக்கிறது. மேடு தெரிந்தால் டெட் டைம் போதவில்லை, அல்லது காற்றிடைவெளி சிறிதாகிக் காந்தமாக்கும் தூண்டல் கூடிவிட்டது என்று பொருள். 43 வோல்ட், 57 வோல்ட், சுமையின்மை ஆகிய மூன்று மூலைகளிலும் இதைத் திரும்பப் பார்க்காமல் 400 வோல்ட்டுக்குப் போகக் கூடாது.

பயனுறுதிறனை அளப்பது தனிக் கலை. எல்.எல்.சி. பகுதியில் மாஸ்ஃபெட் 4.8, நிறுத்தும்போது 1, மின்மாற்றி 8, தொடர்ச் சுருள் 2, ஒத்தியங்கு திருத்தி 4.5, மின்தேக்கியும் செம்புத் தடங்களும் 1.5 என்று கூட்டினால் ஏறத்தாழ 22 வாட் வருகிறது, அதாவது 97.8 சதவீதம். உள்ளீட்டுப் பகுதி 98 சதவீதம் என்றால் முழுப்பெட்டி 96ஐ ஒட்டி நிற்கும். அளவிகள் பயனுறுதிறனில் அரை சதவீதம் பிசகினாலே 22 வாட் 17 ஆகவோ 27 ஆகவோ தெரியும். ஒரு மாஸ்ஃபெட்டை மாற்றியதால் கிடைத்த 1 வாட் ஆதாயம் அந்தப் பிசகுக்குள் மூழ்கிவிடும்.

அதற்கு வெப்பத்தையே அளவுகோலாகக் கொள்ளும் பழைய வழி ஒன்று உண்டு. பெட்டியை முழுச்சுமையில் ஓடவிட்டு, வெப்பநிலை நிலைத்ததும் வெப்பக்கடத்தித் தகட்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளவும். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, அதே தகட்டில் பொருத்திய மின்தடைகளுக்கு நேர்மின்சாரம் கொடுத்து, மின்விசிறியை அதே வேகத்தில் சுழலவிட்டு, அதே வெப்பநிலை வரும்வரை கூட்டவும். அந்த நேர்மின்சாரத்தின் வாட்டே உங்கள் இழப்பு. மின்மாற்றி தகட்டைத் தொடாமல் காற்றில் நேரடியாகக் குளிர்ந்தால் அதன் பங்கு இந்த எண்ணில் முழுதாகச் சேராது; எனவே பெட்டியின் மூடியைப் போட்டு, வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் இரு முறையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பிடிக்கும் வேலைதான்.